இருபத்தொன்பது கிலோ

ரெமிஜியஸை எட்டு வருடம் தினமும் பார்த்தவன் நான். பொம்மசந்திராவில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஸ்டோர்ஸ் கீப்பர், நான் டெஸ்பாட்ச் பிரிவில் கிளார்க். அவர் வீடு மர்பி டவுனில், என் வீடு அல்சூரில். கம்பெனி பஸ் காலை ஆறு ஐம்பதுக்கு வரும். அவர் முந்தின ஸ்டாப்பில் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார். இடம் என்றால் பாதி இடம். அவர் அப்போது நூற்றிரண்டு கிலோ. சீட்டில் எனக்குக் கிடைத்தது போக மீதி நான் நடைவழியில் இருப்பேன்.

சாப்பாட்டுப் பிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவி ஆஞ்சலாவுடன் பிரேசர் டவுனில் இருந்த அண்ணன் டென்சில் வீட்டுக்குப் போய்விடுவார். டென்சிலின் மனைவி மௌரீன் செய்யும் போர்க் வறுவலைப் பற்றித் திங்கட்கிழமை காலை, பட்டாணிச் சுண்டல்கூட வெங்காயம் இல்லாமல் சாப்பிடும் என்னிடம் சில்க் போர்டு சந்திப்பு வரைக்கும் சொல்லிக்கொண்டு வருவார். அண்ணனும் அவரைப் போலவே பெரிய உடம்புக்காரர்.

1998 செப்டம்பரில் ஒரு மாலை, வெளியே கிளம்பச் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்த டென்சில் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து மூன்று. வராந்தாவில் நின்ற டியூட்டி டாக்டர் ரெமிஜியஸை மேலும் கீழும் பார்த்து, "உங்க அண்ணனா? வெயிட் ஜாஸ்தி. நீங்களும் கொறைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

கல்பள்ளி கல்லறைக்கு நானும் போயிருந்தேன். தூறல் விழுந்தது. ரெமிஜியஸ் அண்ணிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியை இறக்கும்போது எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் வேலைக்கு வந்தார். பஸ்ஸில் பொம்மனஹள்ளி தாண்டிய பிறகு அவராகவே பேசினார்.

"நான் அழவே இல்ல வெங்கட். ஒண்ணுமே தோணல. பல் டாக்டர் ஊசி போட்டப்புறம் உதடு இருக்கும் பாருங்க, நம்மதுதான், ஆனா நம்மது இல்ல. அப்படி இருக்கு."

"நாளாவட்டத்துல சரியாயிடும்" என்றேன்.

அந்தக் காகிதத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான். என் மனைவி ராஜலக்ஷ்மி வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமில் அது சுற்றிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் பூஞ்சைபிடித்த மாதிரி இருந்த ஒரு தாள். ஏழு நாளில் ஐந்து கிலோ குறையும் என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தது. முதல் நாள் பழம் மட்டும், வாழைப்பழம் கூடாது. இரண்டாம் நாள் வேகவைத்த காய். மூன்றாம் நாள் இரண்டும். நாலாம் நாள் எட்டு வாழைப்பழமும் மூன்று டம்ளர் பாலும். எப்போது பசித்தாலும் முட்டைக்கோஸ் சூப், வயிறு கொள்ளுமட்டும். யார் எழுதியது, எந்த டாக்டர் சொன்னது, எதுவும் இல்லை. நானும் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டேன். தாள் பையிலேயே கிடந்தது. அக்டோபரில் ஒருநாள் அவர், "வெயிட் கொறைக்க ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் ஏழு நாளையும் முடித்தார். ஆறு கிலோ குறைந்தது. எட்டாம் நாள் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினார்.

"அதுல ஒரு வாரம்னுதானே போட்டிருக்கு?"

"ஒரு வாரத்துக்கு ஆறுன்னா பாருங்க" என்றார்.

நவம்பர் முடிவதற்குள் தாளில் இருந்ததையும் குறைத்துக்கொண்டார். வாழைப்பழம் போனது, பால் போனது. காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர், மத்தியானம் முட்டைக்கோஸ் சூப், இரவில் ஒரு டம்ளர் மோர். கேன்டீனில் வியாழக்கிழமை பிசிபேளாபாத் போடும் நாளில்கூட அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து அந்தச் சூப்பை ஊற்றிக் குடிப்பார். வெந்த முட்டைக்கோஸ் வாடைக்கு எங்கள் மேஜையில் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். நான் மட்டும் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

"பசிக்கலையா ரெமி?"

"பசிக்குது. அது ஒண்ணுதான் தெரியுது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் இல்லை. ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டால் சொல்வாரே, அப்படிச் சொன்னார்.

உடம்பு இறங்க இறங்க எல்லாரும் பாராட்டினார்கள். பேன்ட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தார். பிறகு புதிதாகவே வாங்கினார். ஜனவரியில் ஒருநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டார்.

"பாருங்க வெங்கட். காலேஜ் படிக்கறப்ப போட்டது. அப்புறம் இன்னைக்குத்தான்."

செப்டம்பருக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து தினமும் அப்படியே உட்கார்ந்து வருவார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எனக்கும் முழு சீட் கிடைத்தது.

அந்த மாதக் கடைசியில் ஆஞ்சலா எனக்கு ஆபீசுக்கு போன் செய்தார்.

"வெங்கட் அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. தலை வாரினா முடி கொத்துக் கொத்தா வருது. ஃபேன் போட்டா ஸ்வெட்டர் எடுத்து மாட்டிக்கறார். தனித்தனியா சமைச்சு எனக்கே வெறுத்துப்போச்சு. நீங்க சொன்னா கேப்பார்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒருநாள் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது பின்சீட்டிலிருந்து யாரோ, "ரெமி சார், ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க குரு!" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி டென்சிலின் பிறந்தநாள். அவர் ஆத்மாவுக்காகப் பூசை வைத்துவிட்டு, மௌரீன் எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அங்கே நடந்ததை ஆஞ்சலா பிறகு என் மனைவியிடம் சொன்னார். மௌரீன் வழக்கம்போலவே எல்லாம் செய்திருந்தார். ரெமிஜியஸின் இலையிலும் ஒரு கரண்டி வறுவல் வைத்தார். அவர் இலையை மெதுவாகத் தள்ளினார்.

"வேணாம் அண்ணி. நான் இதெல்லாம் விட்டுட்டேன்."

"ஒரு துண்டு, ரெமி. அவர் பேருக்கு."

"வேணாம் அண்ணி."

மௌரீன் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டார். "என் சமையல்தான் உங்க அண்ணனைக் கொன்னுச்சுன்னு சொல்றியா? அதைத்தானே அஞ்சு மாசமா சொல்லாம சொல்லிட்டு இருக்க? வாயத் தெறந்து சொல்லு. எல்லாரும் இருக்காங்க."

ரெமிஜியஸ் கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்க்கைத் திறக்கவில்லை. கை கழுவிவிட்டு வாசலில் போய் நின்றார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு அவர் போகவில்லை. பத்து நாளில் தவக்காலம் தொடங்கியது. அவர் சாப்பிடாததைப் பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

மார்ச் முதல் வாரம் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம். பர்சனல் மேனேஜர் மஞ்சுநாத் ஒரு சின்ன மேடை போட்டு, ரெமிஜியஸை மேலே கூப்பிட்டார். மைக்கில் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். ஆறு மாதத்துக்குள் இருபத்தொன்பது கிலோ குறைத்திருக்கிறார், ஆரோக்கியத்துக்கு இவரைப் பாருங்கள் என்று சொல்லி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினோம். ரெமிஜியஸ் கடிகாரத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, எங்கே இறங்குவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். மஞ்சுநாத்தான் தோளைப் பிடித்துப் படிப்பக்கம் திருப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் நடையில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. வலது பாதம் தரையில் தப்பென்று விழுந்தது. செருப்பின் முன்பக்கம் தேய்ந்துபோயிருந்தது. கேட்டதற்கு, "கால் தூங்கிடுச்சு. பஸ்ஸுல உக்காந்தே வர்றோம் இல்ல" என்றார். ஒரு வாரமாகவா தூங்கும் என்று நான் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை கம்பெனி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாதம் படியில் மாட்டி முகம் குப்புற விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. தூக்கி உட்கார வைத்தோம். அவர் ரத்தத்தைத் துடைக்கவில்லை. வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மேல தூக்கச் சொல்றேன் வெங்கட். கேக்க மாட்டேங்குது."

கம்பெனி வேனில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு டாக்டர் வயதானவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். சின்னச் சுத்தியலால் தட்டினார். ஊசி முனையால் பாதத்தின் மேல் பக்கம் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். ரெமிஜியஸ் இல்லை என்று தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் மேலே குத்தினார். அதுவும் தெரியவில்லை.

"சக்கரை இருக்கா?"

"இல்ல சார்."

"வெயிட் ஏதாவது கொறஞ்சுதா?"

"இருபத்தொம்பது கிலோ."

டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எத்தனை நாள்ல?"

"அஞ்சு மாசம்."

"கால் மேல கால் போட்டு உக்காருவீங்களா?"

ரெமிஜியஸ் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். "தினமும் ரெண்டு மணி நேரம். பஸ்ஸுல."

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பின் மேலாக ஒரு நரம்பு ஓடுகிறதாம். பாதத்தைத் தூக்குவது அதுதான். அதற்கு மெத்தை மாதிரி கொஞ்சம் கொழுப்பு இருக்கும். பட்டினி கிடந்து சட்டென்று இளைத்தால் அந்த மெத்தையும் கரைந்துபோகும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் மேல் காலின் நரம்பு கீழ் முழங்காலில் அழுந்தி நசுங்கும். சத்து இல்லாத நரம்பு அதைத் தாங்காது. டாக்டர் இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளும் ஈசிஜியும் வந்தன. அவற்றைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"காலை விடுங்க. அது ஆறு மாசத்துல வந்துடும். பொட்டாசியம் பாதாளத்துல இருக்கு. ஹார்ட் துடிப்பு ஒழுங்கா இல்ல. இன்னைக்கே அட்மிட் ஆகணும். எதுக்காக இப்படிப் பட்டினி கெடந்தீங்க?"

"அண்ணன் ஹார்ட் அட்டாக்ல போயிட்டான் சார்" என்றார் ரெமிஜியஸ்.

டாக்டர் ஈசிஜி தாளை அவர் பக்கம் திருப்பினார். "நீங்களும் அங்கதான் போயிட்டு இருந்தீங்க" என்றார்.

மூன்றாம் நாள் மாலை நான் வார்டில் இருந்தபோது மௌரீன் வந்தார். கையில் டிபன் கேரியர். ஆஞ்சலா எழுந்து நாற்காலி கொடுத்தார். மௌரீன் உட்காரவில்லை. சலைன் ஏறிக்கொண்டிருந்த கையைப் பார்த்தபடி பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அவர் சாப்பாட்டால மட்டும் போகல ரெமி. பிபி மாத்திரையை நிறுத்தியிருக்கார். போன வாரம் பீரோவை ஒழிக்கறப்ப கோட்டுப் பையில பிரிக்காத அட்டைங்க கெடச்சுது. மூணு மாசத்து மாத்திரை. நான் தினம் தண்ணி கொண்டுபோய் வைப்பேன், முழுங்கிட்டேன்னு சொல்வார். எனக்குத் தெரியாமப் போச்சு."

ரெமிஜியஸ் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றார்.

மௌரீன் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஜூன்ல சொன்னான். யாரோ சொன்னாங்களாம், காலையில வெறும் வயித்துல பச்சைப் பூண்டு தின்னா பிபி எறங்கிடும், மாத்திரையே வேணாம்னு. உங்களுக்குச் சொல்லாதேன்னான். நான் நல்லதுதானே, கெமிக்கல் எதுக்குன்னு சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்."

அவர் குரல் உடையவில்லை. கண்ணும் கலங்கவில்லை. சொல்லிவிட்டு அப்படியே படுத்திருந்தார். மௌரீன் டிபன் கேரியரை மேஜை மேல் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வெளியே போனார். கேரியரை யாரும் திறக்கவில்லை. ஆஞ்சலா மறுநாள் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அடுத்த நாள் காலை உணவு ஆலோசகர் ஒருத்தி வந்தாள். பெயர் பார்கவி. இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம், பேனா, வேறு ஒன்றும் இல்லை. நான் இன்னொரு தாள் நீட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆஞ்சலாவிடம் கேட்டாள்.

"உங்க வீட்ல சாதாரணமா என்ன சமைப்பீங்க? டயட் இல்லாதப்போ."

ஆஞ்சலா யோசித்து யோசித்துச் சொன்னார். இட்லி, சோறு, மீன் குழம்பு, பருப்பு, சில நாள் ராகிக் களி, ஞாயிற்றுக்கிழமை கறி.

"இதுவே சாகு, போதும். இதையே சாப்பிடட்டும். தட்டுல பாதி காய், கீரை. கால்வாசி சோறு, இல்லைன்னா முத்தெ, அதான் உங்க ராகிக் களி. மிச்சத்துல பருப்பு, முட்டை, மீன், ஏதாவது ஒண்ணு. எண்ணெய் கைக்கு வந்தபடி ஊத்தக் கூடாது. மொதல்ல எட்டு, பத்து கிலோ ஏறணும். ஆனா மெதுவா. திடீர்னு நெறைய சாப்பிட்டாலும் ஆபத்து. அப்புறம் ஏறாம பாத்துக்கணும். தினம் அரை மணி நேரம் நடக்கணும், கால் சரியானதும்."

"ஞாயித்துக்கெழமை போர்க்?" என்று ஆஞ்சலா தயங்கிக் கேட்டார்.

"சாப்பிடட்டும். நாலு துண்டு. பக்கத்துல கீரையும் இருக்கணும். இன்னொண்ணு, இவருக்குன்னு தனியா சமைக்காதீங்க அக்கா. எல்லாருக்கும் ஒரே அடுப்பு."

"இந்த டயட்டுக்குப் பேர் என்ன?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பேரெல்லாம் இல்ல சார். சாப்பாடு" என்றாள். ரெமிஜியஸ் பக்கம் திரும்பி ஒரு தட்டில் இருந்த இட்லியைப் பிட்டு வைத்தாள். அவர் சாப்பிடும் வரை நகராமல் நின்றாள். அவர் பாதி இட்லி சாப்பிட்டார். ருசி தெரிந்ததா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷூவுக்குள் நுழையும்படி பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை செய்து கொடுத்திருந்தார்கள். அது பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். வாரம் மூன்று நாள் பிஸியோதெரபி. ஈஸ்டருக்கு அவர் ஒரு முட்டையும் கொஞ்சம் சோறும் சாப்பிட்டதாக ஆஞ்சலா சொன்னார். ஜூனில் வேலைக்குத் திரும்பினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். செப்டம்பருக்குள் பட்டை இல்லாமல் நடந்தார். எடை எண்பத்திரண்டில் நின்றது. பெருவிரலுக்கு மேலே ஓர் இடம் மட்டும் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது, அங்கே கொசு கடித்தால் தெரியாது என்பார்.

ஒருநாள் நான் சொன்னேன். "அந்தப் பேப்பரை நான் குடுத்திருக்கக் கூடாது ரெமி. ஆஞ்சலா போன் பண்ணப்பவாவது சொல்லியிருக்கணும்."

"நீங்க குடுக்கலைன்னா வேற யாராவது குடுத்திருப்பாங்க" என்றார். அதில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். அவரும் மௌரீனிடமிருந்து எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மௌரீன் ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

2001-ல் மௌரீனுக்கே ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. பிள்ளைகள் இல்லை. கூடப்போக ஆள் இல்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை சர்ச் வளாகத்தில் பிபி பார்ப்பார்கள். ஆஞ்சலா கணவரிடம், "நீங்க போங்க" என்று மட்டும் சொன்னாராம். அவரும் போனார். அன்றிலிருந்து மாதாமாதம் போகிறார்.

ஒரு சனிக்கிழமை நானும் என் பிபியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். இருவரும் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ், மௌரீனின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டாள்.

"போடறேம்மா" என்றார் மௌரீன்.

ரெமிஜியஸ் கையை நீட்டினார். "அட்டையைக் காட்டுங்க அண்ணி."

மௌரீன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, மடங்கிப்போன மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். ரெமிஜியஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலியான குழிகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையில்லாமல் கனைத்தார்கள். மௌரீன் கை கட்டிக்கொண்டு, அவர் எண்ணி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கொறையுது" என்றார் ரெமிஜியஸ்.

"செவ்வாக்கெழமை மறந்துட்டேன்."

"மறக்கக் கூடாது அண்ணி."

"சரி" என்றார் மௌரீன். அட்டையை வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அது என் பெயர்.